பேணிக்குச் சங்கிலி போட்ட கதை

மானம் போன கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது" என்று தொடங்கித் தப்பித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வழியும் இல்லை. என் மானம் போனதைப் பிரதேச சபையின் தவிசாளர், உறுப்பினர்கள் மூன்று பேர், வாடகைக்கு எடுத்த அறுபது கதிரைகளில் இருந்த அறுபது பேர், கதிரை கிடைக்காமல் வேலியோரம் நின்றவர்கள் எல்லோரும் நேரில் பார்த்தார்கள். ஒருவர் கைபேசியில் படமும் எடுத்தார். (படத்தில் என் முகம் தெரியாது. முகம் தெரியாத விதமாகத்தான் நான் அப்போது கிடந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.)

ஆகவே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வரைந்து, நான் பக்கத்தில் நின்று கட்டுவித்த முதலாவது கட்டடம் ஒரு கக்கூசு. சபைக் கந்தோர்க் கடிதங்களில் அதற்குப் "பொது மலசலகூடம்" என்று பெயர். கோபுரம் கட்டப்போகிறவள் மாதிரிப் பேனையை அழுத்தி அழுத்தி அந்தப் பெயரை எழுதுவேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை கிடைத்து எட்டு மாதம். (எந்தச் சபை என்று கேட்கவேண்டாம். இன்றைக்கும் அங்கே போனால் தேத்தண்ணி தருகிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.) சண்டிலிப்பாயில் இருந்து ஸ்கூட்டரில் வருவேன். அளக்கிற ரேப்பைக் கைப்பைக்குள் வைக்காமல் சீலை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவேன். காணி அளந்தேனோ இல்லையோ, சனம் பார்க்கவேண்டும். அவ்வளவு தலைக்கனம்.

சபைக்குப் பின்பக்கம் ஒரு பூங்கா இருந்தது. நாலு ஊஞ்சல், ஒரு சறுக்கு, வேப்பமரங்கள், பின்னேரம் சனம் நடப்பதற்கு ஒரு சுற்றுப்பாதை. வாசலில் இராசாத்தி அக்காவின் கச்சான் கடலை வண்டில். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தாரென்றால் ஏழு மணிவரை அந்த இடத்திலேயே நிற்பார். பூங்காவிலோ ஒதுங்குவதற்கு ஓரிடம் இல்லை. இதற்காகவே அவர் கந்தோருக்கு மூன்று தரம் வந்திருந்தார். மூன்றாம் தரம் என் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பிள்ளை, எனக்குச் சலக்கடுப்பு. டொக்டர் சொல்லுறார் ஒரு நாளைக்கு மூண்டு போத்தல் தண்ணி குடிக்கட்டாம். குடிச்சால் போகவேணும். போறதெண்டால் வீட்டை போகவேணும். வீடு ரெண்டு கட்டை தூரம். வண்டிலை ஆர் பாக்கிறது?"

"அப்ப என்னக்கா செய்யிறனீங்கள்?"

"என்ன செய்யிறது. விடாய்ச்சால் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிப்போட்டு நிக்கிறனான்."

கச்சானை நாள் முழுக்க உப்புப் போட்டு வறுக்கிற மனிசி, ஒரு மிடறு தண்ணியை விழுங்கப் பயந்து துப்புகிறார். எனக்கு மனம் சரியில்லாமல் போய்விட்டது. அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன்.

"அக்கா, நான் கட்டித்தாறன். இனி நீங்கள் மூக்கு முட்டத் தண்ணி குடிக்கலாம்."

அந்த வாக்கில் ஒரு பொய்யும் இல்லை. பிழை எங்கே வந்தது என்றால், அன்று பின்னேரம் நான் ஒரு பழைய கோப்பைத் திறந்ததில் வந்தது.

அந்தப் பூங்காவில் முந்தி ஒரு மலசலகூடம் இருந்திருக்கிறது. கோப்பு முழுக்க அதன் மரணச் செய்திதான். முதலில் மின்குமிழைக் காணவில்லை. பிறகு வாளி. பிறகு தண்ணீர் அள்ளும் பேணி. புதுப் பேணி வாங்கி வைத்தார்கள், அதையும் காணவில்லை. பிறகு பைப்பின் தலை, கதவுக் கொண்டி, ஒருநாள் கதவு. கடைசிக் கடிதத்தில், கூரைத் தகட்டில் பாதியைக் காணவில்லை என்றும் மீதியையாவது கழற்றிச் சபையில் பாதுகாப்பாக வைக்கும்படியும் எழுதியிருந்தது.

இதை வாசித்ததும் எனக்கு இராசாத்தி அக்கா மறந்துபோனார். கள்ளன் ஒருவன்தான் ஞாபகத்தில் நின்றான். என் கட்டடத்தில் இருந்து ஒரு திருகாணியையாவது கழற்றிப் பாரடா என்று அவனோடு மனதுக்குள் சண்டைபிடித்தபடியே பிளான் கீறினேன். மலசலகூடத்தைப் பாவிக்கப்போகிறவர் யார் என்று யோசிக்கவில்லை. களவெடுக்கப்போகிறவனுக்காகவே கட்டினேன்.

கூரை கொங்கிறீற். சுவரும் கொங்கிறீற். (உள்ளே இருமினால் கோயில் மணி அடித்தமாதிரிக் கேட்கும். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.) கதவு இரும்பு. மாரிக்கு அந்த நிலத்தில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும் என்பதால் ஐந்து படி உயர்த்தித் தளம் போட்டேன். கழுவுகிற தண்ணீர் பட்டுக் கதவு துருப்பிடிக்கக்கூடாது என்று, கதவின் அடியைத் தரையில் இருந்து ஒன்பது அங்குலம் மேலே நிறுத்தினேன். தூக்கிக்கொண்டு போகிற சாமான் என்பதால் வாளியே கிடையாது. அதற்குப் பதிலாகக் கதவோரத்து மூலையில் சுவரோடு சேர்த்து ஒரு சீமெந்துத் தொட்டி. ஏன் கதவோரம் என்றால், தண்ணீர்த்தாங்கி அந்தப் பக்கம். குழாயின் நீளம் குறைந்தால் உடைக்கிறவனுக்கும் வேலை குறையும்.

மிச்சம் இருந்தது பேணி. அதற்குத்தான் என் மூளை முழுவதையும் செலவழித்தேன். துருப்பிடிக்காத உருக்குப் பேணி ஒன்று, அதன் பிடியில் உருக்குச் சங்கிலி, சங்கிலியின் மறுதலை தொட்டிக்கு மேலே சுவருக்குள் புதைத்த வளையத்தில். சங்கிலி நீளமாக இருந்தால் வெட்ட வசதி என்று கட்டையாக வைத்தேன். நின்றபடி பேணியைத் தொட்டிக்குள் விட்டேன், அள்ளினேன், மேலே எடுத்தேன். வடிவாக வந்தது. அளவைக் கொப்பியில் எழுதினேன்.

மேசன் கந்தையா அண்ணை சுவரில் சாய்ந்துகொண்டு இதைப் பார்த்தபடி நின்றார். கூட இரண்டு பேர் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ், ஒருக்காக் குந்திப் பாத்திட்டு அளவைச் சொல்லுங்கோவன்," என்றார்.

"என்ன?"

"நிண்டுகொண்டு ஆர் மிஸ் கால் கழுவுறது? குந்தியிருந்தால் கை எட்டுதோ எண்டு பாக்கவேணுமெல்லோ."

சாந்து குழைத்த இருவரும் குழைப்பதை நிறுத்திவிட்டார்கள். என் காது இரண்டும் சுட்டது. மூன்று ஆம்பிளைகளுக்கு முன்னால், சீலையோடு, கக்கூசுப் பீங்கானில் குந்துவதா? இந்த மனிசன் என்னைப் பகிடி பண்ணுகிறார் என்றே நினைத்தேன். கந்தோரில் யாராவது கேள்விப்பட்டால் என்னாகும்? உடுவிலில் இருக்கிற பெரியம்மா கேள்விப்பட்டால்? குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டேன்.

"அண்ணை, பிளான்லை இருக்கிற மாதிரிச் செய்யுங்கோ."

"பிளான் குந்தாது மிஸ்," என்றார் அவர்.

நான் ரேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டருக்குப் போய்விட்டேன். கதவைச் சாத்திவிட்டு ஒருக்கால் தனியாகக் குந்திப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. இதுதான் இந்தக் கதையில் என் குற்றம். மிச்சம் எல்லாம் அதன் வட்டி.

திறப்பு விழா வந்தது. எங்கள் ஊரில் கடை திறந்தாலும் கக்கூசு திறந்தாலும் வாசலில் நிறைகுடம் வைக்கவேண்டும். சபையில் இருந்த குடம் ஓட்டை. "எங்கடை வீட்டிலை வடிவான பித்தளைக் குடம் இருக்கு" என்று சொன்னது நான்தான். அம்மாவின் கலியாணத்துக்கு அவரின் தாய்வீட்டில் கொடுத்த குடம். ஒழுங்கையில் யார் வீட்டில் நல்ல காரியம் என்றாலும் அந்தக் குடம் போய்த்தான் நடக்கும்.

"கக்கூசுக்கோ நிறைகுடம் வைக்கப்போறியள்?" என்றார் அம்மா.

"கட்டடத் திறப்பு விழா அம்மா."

"என்ன கட்டடம்?"

நான் புளி எடுக்க அடுக்களைக்குப் போனேன். அம்மா குடத்தைப் புளிபோட்டு மினுக்கி ஒரு துவாயில் சுற்றித் தந்தார். "ஒரு நெளிவு விழக்கூடாது, சொல்லிப்போட்டன்."

குடத்தின் வாயில் மாவிலையும் தேங்காயும் வைத்து, வாழையிலையில் நெல் பரப்பி, படிக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் வைத்தோம். அதற்கு எதிரே அறுபது கதிரைகள். இராசாத்தி அக்கா அன்று வண்டிலைத் தள்ளிக்கொண்டு வரவில்லை. வருசப்பிறப்புக்கு எடுத்த அரக்குச் சீலை உடுத்து, தலையில் பூ வைத்து வந்திருந்தார். சர்பத் கொடுத்தார்கள். ஒரு குவளை எடுத்தார், குடித்தார். தட்டுக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொன்று எடுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இண்டைக்குப் பயமில்லை பிள்ளை. நீங்கள் கட்டியிருக்கிறியள்தானே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது குவளையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

தவிசாளர் வர ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. நாடா வெட்டினார். பேசினார். உறுப்பினர்கள் மூவரும் பேசினார்கள். நாலாவது பேச்சில் இராசாத்தி அக்கா கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தார். ஐந்தாவது பேச்சு என்னுடையது. "தொழில்நுட்ப விளக்கம், ஐந்து நிமிடம்" என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருந்தது. நான் அரை மணித்தியாலம் பேசினேன். கொங்கிறீற்றின் கலவை விகிதம் சொன்னேன். கதவின் தடிப்புச் சொன்னேன். சங்கிலிக்கு வந்ததும் குரலை உயர்த்தினேன்.

"இந்தச் சங்கிலியை யானை இழுத்தாலும் அறுக்க முடியாது."

அப்போதுதான் இராசாத்தி அக்கா எழும்பினார். கதிரைகளுக்குப் பின்னால் சுற்றி, வேலியோரமாக, யாருடைய கண்ணிலும் படாமல் பெண்கள் பக்கத்துப் படியில் ஏறினார். ஒரு பெண் எப்படிப் போக விரும்புவாளோ அப்படித்தான் போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒலிவாங்கியை வாயோடு பிடித்துக்கொண்டு, "இதோ, எங்கள் மலசலகூடத்தின் முதலாவது பாவனையாளர், இராசாத்தி அக்கா அவர்கள்" என்று அறிவித்தேன்.

அறுபது பேரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அவர் கடைசிப் படியில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கொண்டியைப் போட்டார். (அந்தப் பார்வையை இப்போது எழுதும்போதும் எனக்குக் கைவிரல் கூசுகிறது.)

நான் பேச்சைத் தொடர்ந்தேன். ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கைதட்டி உள்ளே அனுப்பிய ஆளை, கைதட்டி வெளியே எடுக்கவேண்டுமென்று எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. உள்ளே சங்கிலி கிலுங்குகிற சத்தம் கேட்டது. நின்றது. திரும்பவும் கேட்டது. பிறகு ஒரு மெல்லிய குரல். அவர் மெல்லத்தான் கூப்பிட்டார். என் கொங்கிறீற் சுவர்கள்தான் அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோயின.

"பிள்ளை..."

ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டுப் படியேறி ஓடினேன்.

"என்னக்கா?"

"எட்டேல்லை."

"என்ன எட்டேல்லை?"

"பேணி. ஒரு சாண் காணாது."

பின்னால் இரண்டாம் வரிசையில் ஒருவர், "என்ன எட்டேல்லையாம்?" என்று கேட்டதும், "பேணியாம்" என்று இன்னொருவர் சொன்னதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இழுத்துப் பாருங்கோ அக்கா."

"எக்கிப் பிடிச்சு இழுத்துப் பாத்தனான். வராதாம், நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள்."

"எழும்பித் தொட்டியடிக்கு வந்து..."

"விசர்க்கதை கதையாதையுங்கோ பிள்ளை. தொட்டி கதவடியிலை கிடக்கு. கதவுக்குக் கீழை திறந்து கிடக்கு. நான் உடுப்பைத் தூக்கிக்கொண்டு அதிலை வந்து குந்தினால் ஊரே பாக்கும்."

திரும்பிப் பார்த்தேன். வெள்ளத்துக்காக ஐந்து படி உயர்த்திய தளம், துருவுக்காக ஒன்பது அங்குலம் உயர்த்திய கதவு. இரண்டும் சேர்ந்து, கதவின் அடி இடைவெளி முன் வரிசையில் இருந்தவர்களின் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. தவிசாளர் மரியாதைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாளி தண்ணி தாங்கோ. அது காணும்," என்றார் இராசாத்தி அக்கா.

வாளிக்கு நான் எங்கே போவேன்? அந்தப் பூங்காவில் வாளி என்ற ஒன்றே இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான். பக்கத்தில் ஓடிவந்த ஒரு மனிசி தன் சர்பத் குவளையை நீட்டினார். சர்பத்தோடு. அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உள்ளேயும் கேட்டிருக்கும். அப்போதுதான் படியடியில் நிறைகுடம் கண்ணில் பட்டது. நிறையத் தண்ணீரோடு நின்றது.

தேங்காயையும் மாவிலையையும் எடுத்தேன். கையில் வைத்துக்கொள்ள முடியாது, நிலத்திலும் வைக்கக்கூடாது. பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தேன். அவர் தவிசாளர். அவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். விழா முடியுமட்டும் அந்தத் தேங்காயை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றார், பாவம்.

குடத்தைக் கதவுக்குக் கீழே தள்ளினேன். போகவில்லை. கதவின் இடைவெளி ஒன்பது அங்குலம் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் குடத்தின் உயரத்தைத்தான் நான் அளந்து வைக்கவில்லை. கொஞ்சம் சரித்தேன், தண்ணீர் சிந்தியது. மூச்சைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினேன். இரும்பில் பித்தளை உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. குடத்தின் விளிம்பு நெளிந்தது. குடம் உள்ளே போய்விட்டது.

"எட்டுதோ அக்கா?"

"இன்னும் கொஞ்சம்."

முழங்காலில் நின்று கையை நீட்டினேன். காணாது. பிறகு யோசிக்கவில்லை. விழாவுக்கென்று உடுத்திய பச்சைப் பட்டுச் சீலையோடு, ஐந்து படிக்கும் மேலாக, சனத்துக்கு முதுகைக் காட்டிக் குப்புறப் படுத்து, தோள்மூட்டுவரை கையைக் கதவுக்குக் கீழே விட்டு, குடத்தை அடி அடியாகத் தள்ளினேன். முகத்தைப் படியோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று பேருக்கு முன்னால் குந்த வெட்கப்பட்டவள், ஊருக்கு முன்னால் கக்கூசு வாசலில் கிடந்தேன். படம் எடுத்த ஆள் அந்த நேரம்தான் எடுத்திருக்கிறார்.

"எட்டிட்டுது," என்றார் உள்ளே இருந்து.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. இராசாத்தி அக்கா வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அதை என் பக்கத்தில் மெல்ல வைத்தார். நான் அப்போதுதான் எழும்பி, அழுக்குச் சீலையோடு படியில் இருந்தேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லாமல் விட்டிருக்கலாம் பிள்ளை," என்றார். அவ்வளவுதான். கதிரைகளுக்கு நடுவால், ஒருவரையும் பார்க்காமல், நேரே வாசலுக்குப் போய்விட்டார்.

வீட்டில் அம்மா குடத்தைக் கையில் வாங்கி விளிம்பைத் தடவினார். நடந்ததைச் சொன்னேன். அம்மா குடத்தைத் துவாயில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். கந்தோரில் எனக்குச் "சங்கிலி மிஸ்" என்று பெயர் விழுந்தது. (யாழ்ப்பாணத்தை ஆண்ட ராசாவுக்கும் அந்தப் பேர்தானே என்று அப்பா ஆறுதல் சொன்னார். ராசா பேணிக்காகப் பேர் எடுக்கவில்லை என்று தம்பி திருத்தினான்.) இதெல்லாம் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. தாங்கமுடியாமல் இருந்தது பூங்கா வாசல். கச்சான் வண்டில் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது.

அவர் வண்டிலைச் சந்திப் பக்கம் மாற்றிவிட்டார் என்று சொன்னார்கள். ஒருநாள் அந்த வழியால் போனபோது கண்டேன். வெயிலுக்குள் நின்று, போத்தலைத் தூக்கி ஒரு மிடறு எடுத்து, கொப்பளித்து, ரோட்டோரக் கானுக்குள் துப்பினார். நான் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை. தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டேன். அதற்குப் பிறகு மூன்று கிழமை, சந்தியைத் தொடாமல் வயல் வழியால் சுற்றிக் கந்தோருக்குப் போனேன். படியில் கிடந்ததைவிட இதை எழுதத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

நாலாவது கிழமை, வயல் வழியில் ஸ்கூட்டருக்குக் காற்றுப் போய், தள்ளிக்கொண்டு சந்திக்குத்தான் வரவேண்டியதாயிற்று. (நானாக மனம் திருந்திப் போனேன் என்று எழுதத்தான் ஆசை.) நேரே வண்டிலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, பிழை என்னிலைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சங்கிலியை நீட்டிவிடுறன்."

அவர் கச்சானைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு நீட்டப்போறியள்?"

என் கை இடுப்பில் இருந்த ரேப்புக்குப் போனது.

"பாத்தியளோ. இப்பவும் தெரியாது. மூண்டு தரம் கந்தோருக்கு வந்தனான் பிள்ளை. எப்பிடிக் கட்டவேணும் எண்டு ஒருக்கா என்னட்டைக் கேட்டனீங்களோ? கக்கூசுக்குப் போறது நான். உங்கடை கள்ளனில்லை."

"இப்ப கேக்கிறன் அக்கா. ஒருக்கா வந்து காட்டுங்கோ."

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு அடுப்பைத் தணித்தார்.

கந்தையா அண்ணையும் சாமான்களோடு வந்து படியடியில் நின்றார். முதலில் ஆண்கள் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே சங்கிலி என் அளவைவிட ஒரு முழம் நீளமாக இருந்தது.

"இது ஆர் நீட்டினது?"

"நான்தான் மிஸ். நீங்கள் போனாப்போலை குந்திப் பாத்தன், எட்டேல்லை. கூட்டிப் போட்டிட்டன்."

"அப்ப பொம்பிளையள் பக்கம்?"

"அங்கை நான் சாரத்தோடை குந்தி என்ன அளக்கிறது? சீலையோடை ஒரு ஆள் குந்தவேணும். அதுதானே உங்களைக் கேட்டனான்," என்றார். அதில் பகிடி ஒன்றும் இருக்கவில்லை. அன்றும் இருந்திருக்காது.

இராசாத்தி அக்கா என்னைப் பெண்கள் பக்கத்துக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ம்ம், குந்துங்கோ."

குந்தினேன். கந்தோர்ச் சீலையோடு, ஒரு கையால் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குந்தினேன். அந்த உயரத்தில் இருந்து பார்த்தபோது அது நான் கட்டிய கட்டடமாகவே தெரியவில்லை. தொட்டி எங்கேயோ தூரத்தில் இருந்தது. கதவுக்குக் கீழே கந்தையா அண்ணையின் செருப்பு, அதற்கு அப்பால் ஊஞ்சல், அதற்கும் அப்பால் ரோட்டு எல்லாம் தெரிந்தது. கைப்பை வைக்க ஒரு கொளுவி இல்லை. எழும்பும்போது பிடிக்க ஒரு கம்பி இல்லை. முழங்கால் நோகிற மனிசிக்கு ஐந்து படி வேறு.

"இப்ப கையை நீட்டுங்கோ," என்றார். நீட்டினேன். சங்கிலி சுவரோடு தொங்கியது. பேணி என் விரலில் இருந்து சரியாக ஒரு சாண் தள்ளி ஆடியது.

"மிஸ், குந்தியாச்சோ?" என்று வெளியே இருந்து கந்தையா அண்ணை கேட்டார். நான் "ஓம்" என்றேன். என் சுவர்கள் அந்த ஓமைச் சந்திவரை கொண்டுபோயின.

இராசாத்தி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் குந்தியிருந்தபடியே அழுதேன். அழுதேன் என்றால், சிரிப்பும்தான்.

அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதினேன். தொட்டி பீங்கானின் வலப்பக்கத்துக்கு வந்தது. கதவின் அடியில் தகடு வைத்து அடைத்தோம். படிக்கு முன்னால், போகிறவர் வருகிறவர் தெரியாமல் ஒரு மறைப்புச் சுவர். கொளுவி, கைபிடிக் கம்பி, படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை. சங்கிலியை என்ன செய்வது என்று கேட்டேன். "கழட்டி எறியுங்கோ. பேணி போனால் நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார். கழற்றினோம். பேணி இன்றுவரை போகவில்லை. வண்டில் அடுத்த நாளே பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கலியாணம் வந்தது. மண்டப வாசலில் எந்தக் குடம் வைப்பது என்று வீட்டில் பெரிய விவாதம். புதுக்குடம் வாங்கவேண்டும் என்றார் பெரியம்மா. அம்மா ஐயரைக் கேட்டார். கழுவினால் சரி என்றார் ஐயர். "உந்தக் குடம் இத்தனை வருசத்திலை ஒரு ஆளுக்கு உதவினது அண்டைக்கு மட்டும்தான்," என்றார் அப்பா. அம்மா பரணில் இருந்து குடத்தை இறக்கினார். நெளிவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

இராசாத்தி அக்கா அதே அரக்குச் சீலையில் வந்தார். வாசலில் குடத்தைக் கண்டதும் நின்றார். சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்த்தார். நெளிவைக் கண்டுபிடித்து விரலால் ஒருக்கால் தொட்டுவிட்டு உள்ளே வந்தார். மாப்பிள்ளை வீட்டு மனிசர் ஒருவர் சர்பத் நீட்டினார். குடித்தார். இரண்டாவது குவளையைக் கையில் வாங்கியவர், குடிக்காமல், மணவறையில் இருந்த எனக்குக் கேட்கிற அளவுக்குக் கேட்டார்.

"தம்பி, இந்த மண்டபத்துக் கக்கூசு ஆர் கட்டினது? கலியாணப் பொம்பிளையோ?"

"இல்லை அம்மா, இது வேறை ஆரோ கட்டினது," என்றார் அவர், ஒன்றும் விளங்காமல்.

"அப்ப சரி," என்று ஒரே மூச்சில் குடித்தார்.

எங்கள் பக்கத்துச் சனம் முழுவதும் சிரித்தது. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். தாலி கட்டமுதல் அவருக்கு நான் சொன்ன முதலாவது கதை இதுதான். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து, நான் இரண்டாவது தேத்தண்ணியை நீட்டினால் போதும். அவர்கள் வேண்டாம் என்று கை காட்ட முதலே என் கணவர் சொல்லிவிடுவார்: "பயப்பிடாமல் குடியுங்கோ. இஞ்சத்தைக் கக்கூசு இவ கட்டேல்லை." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே எழும்பிப் பின்னுக்குப் போய், பேணி கையெட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று குந்திப் பார்த்துவிட்டு வருவேன்.